சின்னையா வைத்த நிலைவாசல்

மலாயாவில் புக்கிட் செலம்பாவுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பெயர் ஒன்றை வைத்திருந்தான். அது யார் வாயிலும் நுழையவில்லை. தமிழர்கள் அதைச் சிவப்போட்டுத் தோட்டம் என்றே சொன்னார்கள். எந்த நிரையில் நின்று பால் வெட்டினாலும் குன்றின் மேலிருந்த துரை பங்களாவின் சிவப்புக் கூரை கண்ணில் படும். துரைக்கும் அதுதானே வேண்டும். தான் இல்லாத நேரத்திலும் தன் கூரை ஆட்களைக் கண்காணித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் அவ்வளவு உயரத்தில் போய்க் கட்டினான்.

அந்தக் கூரையை இறக்கு என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்ட அன்று ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் உள்ளுக்குள் சிரித்தார்கள். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அந்தப் பங்களாவின் ஆயா. லூனாசிலிருந்து கல்யாணமாகி வந்த மறுமாதமே துரைசானி அவளைக் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் பசுபதி அதே வீட்டுக்குத் தண்ணீர் தூக்குகிறவன். அவன் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரில் இவள் தரையைத் துடைப்பாள். வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டவள் துரைசானி. ஆனால் எந்தப் பலகை எந்த மாதத்தில் ஊறி உப்பும், எந்தச் சன்னல் மழைச்சாரலுக்கு அழும் என்பதெல்லாம் குணவதியின் முழங்காலுக்குத்தான் தெரியும்.

வீட்டைக் கட்டியவன் முதல் துரை. ரப்பர் கன்று நடுவதற்கு முன்னால், சுற்றிலும் காடாக இருந்த காலத்தில், பெண்டாட்டியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். குடும்பத்தோடு வந்தவன் குடிசையில் இருப்பானா? புலிக்கும் வெள்ளத்துக்கும் பயந்து வீட்டை ஆள் உயரத்துக்கு மேலே செங்கல் தூண்களில் தூக்கி நிறுத்தினான். தூண்களுக்கு மேல் எல்லாம் செங்கால் மரம். அது மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர். கறையான் வாய் வைத்தால் கறையானுக்குத்தான் பல் போகும், அப்படிப்பட்ட மரம். நாலு பக்கமும் வராந்தா. காற்று வரவும் வெயில் வராமலிருக்கவும் சாய்வுப் பலகை வைத்த சன்னல்கள். ஓடு மங்களூரிலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்து, அங்கிருந்து படகிலும் மாட்டு வண்டியிலுமாக வந்து சேர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களும் கப்பலில்தான் வந்தார்கள். ஓட்டுக்கு மட்டும் வைக்கோல் சுற்றியிருந்தது.

முன்பக்கம் மட்டும் மரமில்லை, சுவர். அகலமான செங்கல் படிக்கட்டு, அதன் உச்சியில் வளைவு வைத்த முகப்பு, முகப்புக்குள் பெரிய வாசல். சுவர் பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து அரைக்கச் சொன்னான் துரை. லயத்துப் பிள்ளைகள் கஞ்சிக்கு அழுத காலத்தில் கூடை கூடையாக முட்டை அந்தச் சுவருக்குப் போயிற்று. முகப்பின் நெற்றியில் துரையின் பெயரையும் கட்டிய வருடத்தையும் பொறித்தார்கள். கட்டியவர்கள் பெயரைப் பொறிக்கிற வழக்கம் அவர்களிடத்தில் இல்லை போலிருக்கிறது.

வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது, வேலை மட்டும் நடக்க வேண்டும். இதற்காகவே யோசித்து யோசித்து வீட்டின் பின்பாதியைக் கட்டியிருந்தார்கள். சமையல்கட்டு தனியாகப் பின்னால், நடுவில் கூரை போட்ட நடை. ஒவ்வொரு குளியலறைக்கும் வெளிப்பக்கமாக ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஏணி மாதிரி செங்குத்தாக ஒரு மரப்படி. பசுபதி அதில் ஏறித் தொட்டியை நிரப்பிவிட்டு அதிலேயே இறங்கிப் போய்விட வேண்டும். மழை நாளில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து ஒரு தடவை தோள் இறங்கிக் கிடந்தான். முன்படிக்கட்டில் கொண்டுவருவதற்கு ஒரு வார்த்தை கேட்கலாமா என்று குணவதி அழுதபோது, "வேல போயிரும், பேசாம இரு" என்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த முன்வாசலின் நிலையை வைத்தவர் பசுபதியின் அப்பா சின்னையா. மர வேலை முழுவதையும் பினாங்கிலிருந்து வந்த சீனத் தச்சர்கள் செய்தார்கள். முன்வாசல் நிலையை மட்டும் அவர்கள் இரண்டு தடவை நிறுத்தி இரண்டு தடவையும் சாய்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் துரையின் சின்ன மகளுக்கு விடாத காய்ச்சல். காடு வெட்ட வந்திருந்த சின்னையா ஊரில் தச்சு வேலை பார்த்தவர். பூசை போடாமல் நிலை வைத்தால் நிற்குமா என்று அவர் கங்காணியிடம் சொல்ல, அது துரை காதுக்குப் போக, துரை சிரித்துக்கொண்டே சரி என்றான். சின்னையா நாள் பார்த்தார். குழியில் நவதானியமும் செப்புக் காசும் போட்டார். நிலையின் தலையில் மஞ்சள் துணி கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆட்களைக் கூட்டித் தூக்கி நிறுத்தினார். அதன் பிறகு அது ஒரு நூல் நகரவில்லை. பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டது.

நிலை நின்றதும் வீட்டுக்காரன் தச்சனுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு புது வேட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு தச்சன் முதல் ஆளாக வாசலுக்குள் போய் வர வேண்டும். வெள்ளைக்காரனுக்கு இது எங்கே தெரியும்? தெரிந்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை, பயம். சின்னையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அந்திவரைக்கும் படிக்கட்டின் கீழே நின்றாராம். பிறகு லயத்துக்குப் போய்விட்டார். சாகிற வரைக்கும் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வேட்டி வாங்காம வெச்ச நெல." குணவதி மருமகளாக வந்து அவருக்குக் கடைசியாகக் கஞ்சி ஊற்றிய நாட்களிலும் அதைத்தான் சொன்னார். அவள் மனதில் அது முள்ளாகத் தைத்திருந்தது. மாமனார் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

ஜப்பான்காரன் வந்தான். அப்போதிருந்த துரையும் துரைசானியும் கட்டிய துணியோடு காரில் ஏறித் தெற்கே ஓடினார்கள். அரிசி போயிற்று, துணி போயிற்று, மரவள்ளிக்கிழங்கும் கோணிச்சாக்கும் வந்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு வடக்கே சயாம் நாட்டுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். ரயில் பாதை போடவேண்டுமாம். லூனாசில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, போனவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவன் குணவதியின் ஒரே தம்பி. போனவன் போனவன்தான், உயிரோடு இருக்கிறானா என்று சொல்லக்கூட ஆளில்லை. அன்றிலிருந்து மண் ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் அவள் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். பசுபதி கண்ணெதிரே இருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் ஜப்பான்காரக் கேப்டன் ஒருவன் வந்து பங்களாவைச் சுற்றிப் பார்த்தான். தூணைத் தட்டினான், பலகையைத் தட்டினான். செங்கால் மரம் பாலத்துக்கும் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கும் நன்றாக உதவும், வீட்டைப் பிரித்து மரத்தைச் சுங்கை பட்டாணி ஸ்டேசனுக்கு அனுப்பு என்றான். அவனை எல்லாரும் மலாயில் துவான், அதாவது ஐயா, என்றே கூப்பிட்டார்கள். அவன் அரைகுறை மலாயில் சொன்னதைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாணிக்கவாசகம் தமிழில் சொன்னார். வேலைக்குப் பசுபதி, அழகேசன், இன்னும் சில ஆண்கள். வேலை முடிகிற வரைக்கும் இவர்களைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் குணவதி பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, ஒடைக்காதீங்க" என்றாள் புருஷனிடம். "கழட்டுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"எப்படி ஒண்ணாவும்? ஒடைச்சா நாலு நாளு. ஆணிய நெளியாம புடுங்கி, பலகைய தொடச்சி, நம்பர் போட்டு அடுக்குனா மாசக்கணக்குல இழுக்கலாம். கேட்டா, நல்ல மரம் துவான், வீணாப்போயிரும்னு சொல்லுங்க."

பசுபதி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "துரைசானிகிட்ட வேல பாத்து நல்லா தேறிட்ட லா நீ."

வேலை அப்படியே நடந்தது. பிரிக்கிற வேலையைத் தெரிந்து செய்தவன் அழகேசன் ஒருவன்தான். லூனாசில் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் மரப்பட்டறையில் இருந்து உளி பிடிக்கக் கற்றவன். போன வருடம்தான் கல்யாணம், பெண்டாட்டி காளியம்மா முழுகாமல் இருந்தாள். மற்றவர்கள் பால் மரம் வெட்டிப் பழகியவர்கள், அவன் சொன்னதைத் தூக்கினார்கள், பிடித்தார்கள், இறக்கினார்கள். பசுபதியும் அப்படித்தான். தச்சன் மகன் என்று பெயர், ஓர் ஆணியை நேராக அடிக்க வராது.

ஓடு ஒவ்வொன்றாக இறங்கியது. உடைந்த ஓட்டைக்கூடத் துடைத்து அடுக்கினார்கள். பிறகு கைமரம், உத்திரம், மச்சுப்பலகை. குணவதிக்கு அடுக்குகிற இடத்தில் வேலை. முதல் துரையின் மகள்கள் உயரம் பார்த்துக் கீறிய சன்னல் கட்டை வந்தது, கூரையில் தொங்கிய பங்கா விசிறியின் கயிறு போகத் துளைத்த சுவர்ப்பலகை வந்தது, பசுபதி வழுக்கி விழுந்த பின்படி முழுசாக வந்தது. அந்தப் படியைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கிக் காலால் ஓர் உதை விட்டாள். மரம் என்ன செய்யும் பாவம், கால்தான் வீங்கியது.

இடையிடையே கேப்டன் வருவான். அடுக்கிய மரத்தையும் அழகேசன் கரியால் போட்ட எண்களையும் பார்ப்பான். மற்ற தோட்டங்களில் வெடித்துப் பிளந்த மரத்தை அனுப்புகிறார்கள், இங்கே ஒரு கீறல் இல்லை என்று கிராணியிடம் சொன்னான். நேரமாகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. லயத்துப் பெண்கள் குணவதியின் மூளையை மெச்சினார்கள். அந்த மாதங்களில் இரண்டு தடவை லாரி வந்து வேறு ஆட்களை அள்ளிப் போயிற்று. பங்களா வேலைக்காரர்களைத் தொடவில்லை. தன் புருஷன் தப்பியதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியாமல், போனவர்களின் பெண்டாட்டிகள் முகத்தில் முழிக்கவும் முடியாமல் அவள் கிடந்து தவித்தாள்.

எவ்வளவு இழுத்தாலும் ஒரு வீட்டுக்கு எத்தனை பலகை இருக்கும்? கடைசியில் தூண்களும், முன்படிக்கட்டும், முகப்பும், அதற்குள் சின்னையா வைத்த நிலையும் மட்டும் நின்றன. நிலையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்தத் தடவையும் யோசனை குணவதியுடையதுதான்.

"கிராணி ஐயா, வாசல் நெல. நல்ல நாள் பாக்காம கைய வெக்கலாமா? துவான்கிட்ட சொல்லுங்க."

மாணிக்கவாசகத்துக்கு முகம் வெளுத்தது. "என் கன்னத்துல அறை வாங்கித் தரணும்னு கங்கணம் கட்டிக்கிட்டியா தாயி?"

இருந்தாலும் சொன்னார். அறை விழவில்லை. கேப்டன் நிலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தன் ஊரிலும் வீடு எழுப்ப நாள் பார்ப்பார்கள், தன் மாமன்கூட மரவேலைக்காரன்தான் என்றான். நாள் பாருங்கள், தானும் வருகிறேன் என்றான். மாணிக்கவாசகம் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்து இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

சண்டை தொடங்கியதிலிருந்து பினாங்கிலிருந்து பஞ்சாங்கம் வருவதில்லை. எந்த நாள் நல்ல நாள், எது ஆகாத நாள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததுதான் வசதி. இது ஆடி, இது தேய்பிறை, இது கரிநாள் என்று கிராணி வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு மாதத்தைத் தள்ளினார். அதற்கு மேல் தள்ள அவருக்கே பயமாகிவிட, ஒரு நாளைக் குறித்தார்.

நாள் குறித்ததும் குணவதிக்கு மாமனார் ஞாபகம் வந்தது. நிலையை வைத்தவனுக்கு உள்ள மரியாதை எடுக்கும்போதும் உண்டு. வைத்தவன் வம்சத்தில் ஓர் ஆள் வேட்டி வாங்கி, வாசலுக்குள் போய் வந்து, முதலில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு முழம் துணி கிடையாது, வேட்டிக்கு எங்கே போவது? துரைசானி ஓடும்போது விட்டுப்போன சாப்பாட்டு மேசை விரிப்பு ஒன்று குணவதியிடம் இருந்தது. அதை நீளமாக வெட்டித் தைத்து, ஓரத்தை மஞ்சளில் தோய்த்துக் கரை கட்டினாள். எந்த வீடு கொடுக்காமல் விட்டதோ அந்த வீட்டுத் துணியே வரட்டும் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பசுபதிதான் பிடி கொடுக்கவில்லை.

"அப்பாவுக்குக் குடுக்காதத நான் வாங்கி என்னா ஆவப்போவுது? எனக்கு உளி புடிக்கக்கூடத் தெரியாது. அழகேசன் வாங்கட்டும், அவந்தான் வேல செஞ்சான்."

"அழகேசன் அப்பாவா நெல வெச்சாரு?"

"வேணாம் புள்ள. நாலு பேரு முன்னாடி நிக்கறதே எனக்குக் கூச்சமா இருக்கு."

"ஒங்களுக்காகச் சொல்லல, மாமாவுக்காகச் சொல்றேன்" என்றாள் குணவதி. அழுகை வந்துவிட்டது. "அந்தி வரைக்கும் நின்னாராமே. அந்தப் படிக்கட்டுக்குக் கீழ, அந்தி வரைக்கும்."

அவன் மஞ்சள் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்து வைத்தான்.

அன்று காலையில் லயமே குன்றின் மேல் ஏறி வந்தது. கேப்டன் ஓரமாக நின்றுகொண்டான். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினார்கள். வீட்டுக்காரன் இல்லாத வீடு அல்லவா, வீட்டுக்காரன் இடத்தில் கிராணி மாணிக்கவாசகம் நின்று தட்டை நீட்டினார். பசுபதி வேட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்த தோளோடு முன்படிக்கட்டில் ஏறினான். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனான். உள்ளே என்ன இருக்கிறது? தரையில்லை, சுவரில்லை, அவன் நிற்பதற்காகப் போட்ட இரண்டு பலகையும் அப்பால் தோட்டமும் ஆகாயமும்தான். ஆனாலும் அவன் திரும்பி வாசல் வழியாக வெளியே வந்தபோது குலவைச் சத்தம் குன்றை அதிரவைத்தது. கிழவர்கள் சிலர் வாய்விட்டு அழுதார்கள். தன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய சந்தோஷம் வரப்போவதில்லை என்று குணவதி நினைத்தாள். அது உண்மையாகவும் போயிற்று.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் பக்கத்தில் நின்ற குணவதியைப் பார்த்து, பசுபதியைக் காட்டி, "துக்காங்?" என்று கேட்டான். மலாயில் கைவேலைக்காரனைச் சொல்லும் வார்த்தை அது. தச்சனா என்று கேட்கிறான்.

துரைசானியிடம் பழகிய பங்களா மலாய் அவளிடம் இருந்தது. பெருமை தொண்டை வரைக்கும் இருந்தது. பயம் மட்டும் அந்த ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டது.

"ஆமாம் துவான். தச்சர். இவர் அப்பாதான் இந்த வீட்டையே நிறுத்தினவர். மகனும் அப்பா மாதிரிதான்."

கேப்டன் தலையை அசைத்தான். பசுபதியைப் பார்த்து, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம்கூடச் செய்தான்.

நிலை இறங்கி ஸ்டேசனுக்குப் போன அதே வாரத்தில் கிராணி லயத்துக்கு வந்தார். அவர் நடையே சரியாக இல்லை. பங்களா ஆட்கள் எல்லாரையும் இப்போதைக்கு மரவள்ளிக் கிழங்கு நடச் சொல்லிவிட்டார்கள், சயாமுக்கு இந்தத் தடவை கூலியாள் வேண்டாமாம் என்றார். பெண்கள் மாரியாத்தாளுக்குக் கும்பிடு போட்டார்கள். கிராணி இன்னும் முடிக்கவில்லை.

"பாலம் கட்ட மரவேலைக்காரங்க வேணுமாம். தோட்டத்துக்கு ஒரு ஆளு. கேப்டன் பேரச் சொல்லியே கேட்டுட்டாரு. பசுபதி."

குணவதி கிராணியின் காலில் விழுந்தாள்.

"ஐயா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க ஐயா."

"நீதான தாயி அவரு கேட்டப்ப அப்படிச் சொன்ன? இப்ப நான் போயி இல்லன்னா, பொய் சொன்னியான்னு ரெண்டு பேர் தலையும் போவும்." அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். "கேப்டன் இத மரியாதையா நெனச்சுதான் செய்யிறாரு. கூலியாளுன்னா சாவு, தச்சன்னா சோறாவது கெடைக்கும்னு சொல்றாரு."

குணவதி பசுபதியைப் பார்த்தாள். அவன் கோணிச்சாக்கில் மாற்றுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாற்றுத் துணி என்று அவனுக்கு இருந்தது அந்த வேட்டி ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. உள்ளே பக்கத்துத் தோட்டங்களின் தச்சர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். லயத்து ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கேப்டனும் வந்திருந்தான். பசுபதி லாரிப் பக்கம் நடந்தபோது குணவதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். தடுத்த சிப்பாயின் கைக்கடியில் நுழைந்து கேப்டன் முன்னால் போய் நின்றாள். அவள் வாயிலிருந்து வந்த மலாயில் பாதி அழுகை.

"துவான், நான் பொய் சொல்லிட்டேன். இவர் தச்சர் இல்லை. தண்ணீர் தூக்குகிறவர். ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. பெருமைக்காகச் சொன்னேன். என்னை அடியுங்கள், இவரை விட்டுவிடுங்கள்."

கேப்டனின் முகம் கல்லாயிற்று. அடிக்கத்தான் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. மெதுவாக, அவளுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.

"அந்த வீட்டை ஒரு கீறல் இல்லாமல் பிரித்தது யார்?"

குணவதி தலையைக் குனிந்தாள். கேப்டன் விடவில்லை.

"தச்சன் ஒருவன் இங்கே இருக்கிறான். இவன் இல்லையென்றால் வேறு யார்? காட்டு."

வரிசையில் அழகேசன் நின்றிருந்தான். அவன் கைகளைப் பின்னால் கட்டி மறைத்திருந்தான். அவனுக்கு நேர் பின்னால், பெண்கள் கூட்டத்தில், காளியம்மா நின்றாள். இன்றோ நாளையோ என்றிருந்த வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அவள் குணவதியையே பார்த்தாள். தலையாட்டவில்லை, கெஞ்சவில்லை, கண்ணை மூடக்கூட இல்லை.

ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்ட வேண்டும் என்றுதான் குணவதிக்கு இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, என் புருஷன் எனக்கு வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் கை முழங்கை வரைக்கும் உயர்ந்ததை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"நான்தான் தச்சன்."

பசுபதியின் குரல். நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சப்படுகிறவன் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கிராணியிடம் சொல்வதுபோல் அவன் தமிழிலேயே சொன்னான்.

"கிராணி ஐயா, துவான்கிட்ட சொல்லுங்க. பொம்பள, புருஷன் போறானேன்னு வாய்க்கு வந்ததப் பேசுது. வீட்டப் பிரிச்சது நான். எங்கப்பா சொல்லிக்குடுத்த வேல."

மாணிக்கவாசகம் சொன்னார். கேப்டன் பசுபதியைப் பார்த்தான், பிறகு குணவதியைப் பார்த்தான்.

"உன் புருஷன் சொல்வது நிஜமா?"

உயர்ந்த கை இன்னும் அப்படியே நின்றது. அதை அவள் இறக்கினாள். தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

பசுபதி லாரியில் ஏறினான். ஏற்றிவிட்ட சிப்பாய் அவனைத் தள்ளவில்லை, தச்சன் அல்லவா. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நல்லவேளை, நீ காட்டவில்லை என்று ஆறுதலாகப் பார்த்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

லாரி கிளம்பி மண் ரோட்டில் திரும்பியது. காளியம்மா ஓடிவந்து குணவதியின் கையைப் பிடித்தாள். "அக்கா" என்றாள்.

குணவதி கையை உதறினாள். பலமாகத்தான் உதறினாள். காளியம்மா நிலை தடுமாறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழகேசன் பக்கத்தில் வரப் பயந்து தள்ளியே நின்றான். லாரியின் புழுதி அடங்குகிற வரைக்கும் குணவதி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரி" என்றாள். "வெயில்ல ஒக்காராத."